ஹார்ட்விக் ஹால்: சுவரை விட கண்ணாடி ஜாஸ்தி, ஆனா உள்ள போனா இருட்டு. ஏன்?

வேப்பங்காற்று:
எல்லாருக்கும் வணக்கம். நான் நாட்டிங்காம் வந்து மூணு வருஷம் ஆகுது, எம்1 ரோட்டுல செஸ்டர்ஃபீல்டு பக்கம் போறப்ப எல்லாம் வலது கைப்பக்கம் மேட்டு மேல ஒரு பெரிய வீடு தெரியும், ஆறு கோபுரம், சாயங்கால வெயில் மேற்குப் பக்கம் பட்டுச்சுன்னா முழு வீடும் நெருப்பு பத்திக்கிட்ட மாதிரி மின்னும். அதான் டெர்பிஷயர்ல இருக்குற ஹார்ட்விக் ஹால். போன ஞாயித்துக்கிழமை ஒருவழியா போயிட்டு வந்தேன். எலிசபெத் ராணி காலத்து வீடு, 1590-ல ஆரம்பிச்சு 1597-ல குடி வந்தாங்களாம். கட்டினது பெஸ் ஆஃப் ஹார்ட்விக்னு ஒரு அம்மா, ஷ்ரூஸ்பரி பிரபுவோட மனைவி, நாலு கல்யாணம், நாலு புருஷனும் போய் சேர்ந்தாச்சு. கோபுர உச்சியில எல்லாம் தன் பேரோட (எலிசபெத் ஷ்ரூஸ்பரி) முதலெழுத்து இ, எஸ் ரெண்டையும் கல்லுல வெட்டி, மேல கிரீடமும் வெச்சு நிறுத்தியிருக்காங்க, ரொம்ப தூரத்துல இருந்தே படிக்கலாம்.

என் சந்தேகம் ரெண்டு. ஒண்ணு, வெளிய இருந்து பாத்தா கண்ணாடி மாளிகை, "சுவரை விட கண்ணாடி அதிகம்"னு ஊர்ல பாட்டாவே சொல்வாங்களாம், ஆனா உள்ள போனா திரை எல்லாம் இறக்கி மங்கலா வெச்சிருக்காங்க, மாடியில இருக்குற நீள காலரியில, அதாவது நீளமான நடைக்கூடத்துல, சுவத்துல தொங்குறது என்னன்னே சரியா தெரியல, பத்து நிமிஷத்துல நடந்து வந்துட்டேன், மனசுக்கு ஏமாற்றமா இருந்துச்சு. ரெண்டாவது, பக்கத்துலயே கூப்பிடு தூரத்துல இன்னொரு பெரிய வீடு கூரை இல்லாம இடிஞ்சு நிக்குது, அதையும் இவங்களே தான் கட்டினாங்களாம், அதுவும் கிட்டத்தட்ட அதே சமயத்துல. அறுபது வயசு தாண்டின ஒருத்தருக்கு எதுக்கு ஒரே மேட்டுல ரெண்டு மாளிகை? வெறும் பகட்டு தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செங்கல்சூளை:
நல்ல கேள்வி தோழி. பகட்டு இல்லைன்னு சொல்ல மாட்டேன், அந்தக் காலத்துல கண்ணாடின்னா காசு. இங்கிலாந்து வடக்குல இருக்குற ஆல்னிக் கோட்டையில 1567-ல எழுதின ஒரு சர்வே இருக்கு, அதுல பிரபு ஊர்ல இல்லாதப்ப ஜன்னல் கண்ணாடியை எல்லாம் கழட்டி பத்திரமா வெச்சிருங்க, காத்துல உடையுதுன்னு யோசனை சொல்லியிருக்காங்க. நகையை கழட்டி பீரோவுல வைக்குற மாதிரி ஜன்னலை கழட்டி வெச்ச காலம். அதுல இருந்து இருபத்தஞ்சு முப்பது வருஷத்துக்குள்ள ஒருத்தங்க முழு வீட்டையும் கண்ணாடியில போர்த்துறாங்கன்னா பாக்குறவனுக்கு எப்படி இருந்திருக்கும்.

ஆனா நான் சிவில் படிச்சவன், எனக்கு கண்ணாடியை விட அதை எது தாங்குதுங்கிறது தான் விஷயம். வெளிச்சுவத்துல பாதிக்கு மேல ஓட்டை போட்டுட்டா சுமை எங்க போகும்? புகைபோக்கிக்கு எங்க இடம்? மத்த வீட்டுல எல்லாம் அடுப்பு, புகைபோக்கி வெளிச்சுவத்தை ஒட்டி வரும். இங்க அதை எல்லாம் உள்சுவருக்கு கொண்டு வந்துட்டாங்க. வீட்டோட நடுவுல நீளவாக்குல ஓடுற தடிச்ச சுவர் இருக்குல்ல, முதுகெலும்பு மாதிரி, அது தான் வேலையை சுமக்குது, வெளிப்பக்கம் கல் சட்டமும் ஈயப்பட்டையும் கோத்த வலை மாதிரி நிக்குது. இந்தக் காலத்து கண்ணாடி பில்டிங் எல்லாம் உள்ள கான்கிரீட்ல ஒரு நடுத்தண்டை வெச்சுட்டு வெளிய கண்ணாடி மாட்டுறான்ல, அதே புத்தி, ஆனா கல்லுல, 1590-ல. அந்தக் கோபுரங்களும் மூலைக்கு மூலை முட்டுக் கொடுக்குற மாதிரி தான் எனக்குத் தெரியுது, இது என் கணிப்பு.

இன்னொண்ணு, நீங்க வாசல்ல நுழைஞ்சதும் வந்த பெரிய ஹால் எந்தப் பக்கமா நீண்டு இருந்துச்சுன்னு கவனிச்சீங்களா?

வேப்பங்காற்று:
நேரா முன்னாடி போச்சு. முன்வாசல்ல இருந்து பின்பக்கம் வரைக்கும். ஏன்?

செங்கல்சூளை:
அதே தான்! அதுக்கு முன்னாடி வரைக்கும் இங்கிலாந்துல பெரிய வீடுன்னா ஹால் முகப்புக்கு இணையா படுத்துக் கிடக்கும், அதோட ஒரு முனையில தான் வாசல், அதனால வாசல் நடுவுல வராது, ஒரு பக்கம் பெரிய ஜன்னல் இன்னொரு பக்கம் சின்ன ஜன்னல்னு முகப்பு கோணலா தான் அமையும். ஹார்ட்விக்ல ஹாலை அப்படியே திருப்பி குறுக்கே போட்டுட்டாங்க, வாசல் நட்டநடுவுல வந்துருச்சு, இடமும் வலமும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடியில பாத்த மாதிரி ஆயிருச்சு. சொன்னா சின்ன விஷயமா இருக்கும், ஆனா நூத்துக்கணக்கான வருஷப் பழக்கத்தை மாத்துன விஷயம். நடுக்கால ஹால்ங்கிறது எசமானும் வேலைக்காரனும் ஒரே கூரைக்கடியில உக்காந்து சாப்பிட்ட இடம், இங்க அது வேலையாட்கள் சாப்பிடுற, வந்தவங்க நுழைஞ்சு மேல போற இடமா மாறிடுது. வீட்டுக்காரம்மா மேல போயிட்டாங்க.

பிளான் போட்டது ராபர்ட் ஸ்மித்சன்னு தான் எல்லாரும் சொல்வாங்க, லாங்லீட்ங்கிற மாளிகையில கல் வேலை பாத்தவர், வுலட்டன் ஹாலை கட்டினவர், வுலட்டன் உங்க நாட்டிங்காம்லயே தான் இருக்கு. அங்க சர்ச்ல அவர் கல்லறையில "ஆர்க்கிடெக்டர்"னே வெட்டியிருக்கு, அந்த வார்த்தையே இங்கிலாந்துல புதுசா இருந்த காலம்.

பழையகணக்கு:
ஸ்மித்சன் விஷயத்துல ஒண்ணு சேர்த்துக்கறேன். அவர் தான் கட்டினார்னு ஒப்பந்தம் எதுவும் கிடையாது. அவர் வரைபடக் கட்டுல ஹார்ட்விக் மாதிரியே ஒரு பிளான் இருக்கு, அப்புறம் 1597 கணக்குல சர்வேயர் ஸ்மித்சனுக்கு 20 ஷில்லிங், அவர் மகனுக்கு 10 ஷில்லிங் கொடுத்ததா ஒரு வரி இருக்கு, அவ்வளவு தான். ஆனா கொத்தனார் பேரு, கல் தச்சர் பேரு எல்லாம் தெளிவா இருக்கு. சுவர் எழுப்பினது ரோட்ஸ் சகோதரர்கள், ஜான், கிறிஸ்டோபர், இவங்களுக்கு நாள் கூலி இல்லை, எவ்வளவு கட்டினாங்களோ அதுக்கு அளந்து காசு. பளிங்கு வேலை தாமஸ் ஆக்ரஸ். சுண்ணச் சிற்பம் ஆபிரகாம் ஸ்மித். பெயிண்ட் வேலை ஜான் பாலச்சவுஸ், கணக்குல வெறும் "ஜான் பெயிண்டர்"னு வரும்.

இதெல்லாம் எப்படித் தெரியும்னா அந்த அம்மா கணக்கு நோட்டு இன்னும் இருக்கு. யாருக்கு எவ்வளவு, எதுக்குன்னு எழுதி, கூட்டி, அடியில அவங்களே கையெழுத்து போட்டிருக்காங்க. கல்லு வீட்டுக்குக் கீழ சரிவுல இருந்த சொந்த குவாரியில இருந்து, மரம் சொந்த காட்டுல இருந்து, ஈயம் சொந்த சுரங்கம், கண்ணாடி கூட விங்ஃபீல்டுல இருந்த சொந்த பட்டறையில இருந்து. பகட்டுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டா எனக்கு மனசு ஒப்பல தோழி. ஒரு சாதாரண நிலக்காரர் வீட்டுல, இதே ஹார்ட்விக் மேட்டுல பிறந்து, சின்ன வயசுலயே அப்பாவை இழந்து, கல்யாணத்துக்குக் கல்யாணம் சொத்தைக் காப்பாத்தி, கடைசியில ராணிக்கு அடுத்த பணக்காரப் பொம்பளைன்னு பேர் வாங்கினவங்க. பிறந்த மண்ணுல தன் பேரை எழுதி வெச்சாங்க. அதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

ரெண்டு வீடு ஏன்ங்கிறதுக்கு வர்றேன். நாலாவது புருஷன் ஷ்ரூஸ்பரியோட பயங்கர சண்டை, சாட்ஸ்வொர்த் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாச்சு, அப்ப பொறந்த வீட்டுக்கு வந்து 1587-ல அதை இடிச்சும் ஒட்டியும் பெருசாக்க ஆரம்பிச்சாங்க. அது தான் பழைய ஹால். ஒட்டுப் போட்டு வளர்ந்த வீடு, அதனால ஒழுங்கான பிளான் இல்ல. 1590 நவம்பர்ல ஷ்ரூஸ்பரி இறந்துட்டார், விதவைப் பங்கு கைக்கு வந்துச்சு, பணத்துக்கு யாரையும் கேக்க வேண்டியதில்ல. அந்த வருஷக் கடைசியிலயே புது வீட்டுக்கு அஸ்திவாரம். பழசையும் நிறுத்தல, அதுவும் பக்கத்துல நடந்துக்கிட்டே இருந்துச்சு, விருந்தாளிக்கும் வேலையாட்களுக்கும் ரெண்டும் சேர்ந்து ஒரே வளாகம் மாதிரி.

ஊர்சுத்தி_குமரன்:
ஒரு சந்தேகம், இங்கிலாந்துல ஜன்னல் வரின்னு ஒண்ணு இருந்துச்சே, அவ்வளவு ஜன்னல் வெச்சா வரி கட்டவே சொத்து போயிருக்குமே? வரி கட்ட முடியும்னு காட்டத்தான் இப்படி வெச்சாங்கன்னு ஒரு வீடியோவுல பாத்தேன். அப்புறம் ஸ்காட்லாந்து ராணி மேரியை இங்க தான் சிறை வெச்சிருந்தாங்கன்னும் சொன்னாங்க.

பழையகணக்கு:
குமரன் தம்பி, ரெண்டுமே பரவலா சொல்றது தான், ஆனா வருஷத்தை வெச்சுப் பாத்தா நிக்காது. ஜன்னல் வரி வந்தது 1696-ல, எடுத்தது 1851-ல. வீடு கட்டி முடிச்சு நூறு வருஷம் கழிச்சு வந்த வரி. மேரி விஷயம் கொஞ்சம் சிக்கலானது. ஷ்ரூஸ்பரி தான் 1569-ல இருந்து 1584 வரைக்கும் மேரிக்குக் காவல், அது உண்மை, பெஸ்ஸும் மேரியும் ஒரே அறையில உக்காந்து தையல் போட்டதும் உண்மை, அந்த எம்பிராய்டரியில சிலது இன்னைக்கும் இந்தக் குடும்பத்துச் சொத்தோட சேர்ந்து வந்திருக்கு. ஆனா காவல் வெச்சது டட்பரி, ஷெஃபீல்டு, சாட்ஸ்வொர்த் இங்கெல்லாம். மேரியோட தலையை வெட்டினது 1587 பிப்ரவரி, புது ஹாலுக்கு அப்ப அஸ்திவாரம் கூட தோண்டல. வீட்டுக்குள்ள அவங்க பேர்ல ஒரு ரூம் இருக்குறதால இந்தக் கதை ஓடிக்கிட்டே இருக்கு.

நிஜமா இந்த வீட்டுல அடைஞ்சு கிடந்தது பெஸ்ஸோட பேத்தி அரபெல்லா ஸ்டூவர்ட். 1575-ல பிறந்த பொண்ணு, ராஜ ரத்தம், எலிசபெத்துக்கு அப்புறம் சிம்மாசனத்துக்கு வரலாம்னு பேச்சு இருந்ததால பாட்டி கண்ணுக்குள்ள வெச்சுக் காத்தாங்க, அந்தப் பொண்ணுக்கு அது சிறை. 1603-ல தப்பிக்கப் பாத்து முடியல. பிறகு 1610-ல ரகசியக் கல்யாணம் பண்ணி மாட்டி, 1615-ல லண்டன் டவர்ல செத்துப் போச்சு. அந்த ஜன்னல் எல்லாம் வெளிச்சத்துக்குன்னு நாம பேசுறோம், அதுல ஏதோ ஒண்ணு பக்கத்துல நின்னு அந்தப் பொண்ணு வெளிய பாத்துக்கிட்டே இருந்திருக்கும்.

வடலி:
வணக்கம் எல்லாருக்கும். நான் ஷெஃபீல்டில இருக்கிறன், பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ரெண்டு மூண்டு தரம் போனனான். நீங்கள் எல்லாரும் வெளியில இருந்து கதைக்கிறியள், நான் படியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுறன். அந்தக் கல்லுப் படி ஹாலில துடங்கி வீட்டுக்குள்ளால வளைஞ்சு வளைஞ்சு மேல போகுது, அகலம், பதிஞ்ச படி, கைபிடி பிடிக்காமலே ஏறலாம். ஏறேக்க ஒண்டைக் கவனிச்சியளோ தெரியாது, மேல போகப் போக ஜன்னலும் பெரிசாகுது, கூரையும் உயருது. கீழ் மாடி வேலைக்காரருக்கு, நடு மாடி பெஸ் அம்மாவும் குடும்பமும் நாளாந்தம் இருக்கிறதுக்கு, மேல் மாடி ராணி வந்தா இருத்துறதுக்கு. ஆளின்ரை தகுதி எவ்வளவு கூடவோ அவ்வளவு உயரம் ஏற விடுவினம். வெளியில நிண்டு ஜன்னலின்ரை உயரத்தைப் பாத்தே உள்ளுக்கு ஆர் எங்க இருப்பினம் எண்டு சொல்லிப்போடலாம். அப்பிடி வீட்டின்ரை முகத்திலயே ஒழுங்கை எழுதி வைச்ச கட்டடம் வேற நான் காணேல்லை.

மேல ஹை கிரேட் சேம்பர் எண்டு ஒரு அறை, சுவரின்ரை மேல் பாதி முழுக்க சுண்ணச் சிற்பம், நிறம் தீட்டின காடு, மரங்கள், மான், காட்டுப்பன்றி, நடுவில ரோமரின்ரை வேட்டைத் தேவதை டயானாவும் தோழியரும். கன்னித் தேவதை எண்டா கன்னி ராணி எலிசபெத், அது தான் கருத்து. அடுப்புக்கு மேல ராச சின்னம். எல்லாம் ராணிக்கு எண்டு செய்து வைச்சவ, ஆனா ராணி ஒரு நாளும் வரேல்லை. சாப்பாடு கீழ இருக்கிற குசினியில இருந்து அந்தப் படி முழுக்க ஊர்வலமா மேல வரவேணும். அத்தனை தூரம் தட்டைத் தூக்கிக்கொண்டு, அந்தக் குளிருக்குள்ள. சூடா ஆராவது சாப்பிட்டிருப்பினம் எண்டு எனக்கு நம்பிக்கை இல்லை.

செங்கல்சூளை:
குளிர்! இதைப் பத்தி சொல்லணும்னு இருந்தேன், நன்றி வடலி. அவ்வளவு கண்ணாடின்னா குளிர்காலத்துல வீடு ஐஸ்பெட்டி தான். ஒத்தைக் கண்ணாடி, சின்னச் சின்னத் துண்டா ஈயப்பட்டையில கோத்தது, ஒவ்வொரு இணைப்பிலயும் காத்து புகும். பிளானா மேதைத்தனம், வாழ்றதுக்கு கஷ்டம், ரெண்டும் உண்மை.

பழையகணக்கு:
அதுக்கு அவங்க என்ன பண்ணாங்கன்னும் எழுதி வெச்சிருக்காங்க. 1601-ல உயில் எழுதுறப்ப வீட்டுச் சாமான் பட்டியல் ஒண்ணு போட்டாங்க, ரூம் ரூமா, எந்த ரூம்ல எத்தனை நாற்காலி, எத்தனை மெத்தைன்னு. பெஸ் படுத்த அறையில கட்டிலுக்கு திரை, அதுக்கு மேல கம்பளி மேல கம்பளி, ஜன்னலுக்கு முன்னாடி தொங்கவிட தனியா ஒரு போர்வை, கதவுக்கு முன்னாடி தொங்கவிட தனியா. எழுபது வயசுக்கு மேல, இங்கிலாந்திலேயே பெரிய ஜன்னல்களைக் கட்டின அம்மா, ராத்திரி ஆனா ஜன்னலுக்குப் போர்வை போத்தி படுத்திருக்காங்க. அதைப் படிச்சப்ப தான் அவங்க எனக்கு ஒரு மனுஷியா தெரிஞ்சாங்க.

பட்டுநூல்:
நான் இந்தக் குழுவுல எப்பவாவது தான் எழுதுவேன். எங்க வீட்டுல மூணு தலைமுறையா தறி, அதனால இதுக்கு பதில் சொல்லாம இருக்க முடியல. வேப்பங்காற்று அக்கா, காலரியில சுவத்துல தொங்குறது என்னன்னு தெரியலைன்னு சொன்னீங்கல்ல, அது தான் அந்த வீட்டோட உயிர்! பைபிள்ல வர்ற கிதியோன்ங்கிற போர்வீரனோட கதையை நெஞ்ச டேப்பஸ்ட்ரி, அதாவது படம் நெஞ்ச சுவர்த்துணி, மொத்தம் 13, ஒவ்வொண்ணும் சுமார் ஆறு மீட்டர் உயரம், வரிசையா வெச்சா எழுபது மீட்டருக்கு மேல. 1578 வாக்குல ஃப்ளாண்டர்ஸ்ல நெஞ்சது, ராணியோட சான்சலர் கிறிஸ்டோபர் ஹேட்டனுக்காக. அவர் கடன்ல செத்துப் போனதும் 1592-ல பெஸ் மொத்த செட்டையும் 326 பவுண்டுக்கு மேல கொடுத்து வாங்கினாங்க, ஹேட்டன் குடும்பச் சின்னத்தை மாத்தணுமே, செலவு ஆகுமேன்னு சொல்லி 5 பவுண்டு குறைச்சு வாங்கினாங்களாம். அப்புறம் தன் சின்னத்தை துணியில வரைஞ்சு பழைய சின்னத்து மேல வெச்சுத் தெச்சுட்டாங்க. ஹேட்டனோட சின்னம் பொம்பளை மான், பெஸ்ஸோட ரெண்டாவது புருஷன் கேவண்டிஷ் குடும்பத்துக்கு ஆண் மான், அதனால மானுக்கு கொம்பு மட்டும் சேத்துட்டாங்க! காசோட அருமை தெரிஞ்ச கை.

அந்தக் காலரி 160 அடிக்கு மேல நீளம். அந்த அளவே இந்த டேப்பஸ்ட்ரிக்காக முடிவானதோன்னு எனக்குத் தோணும், ஏன்னா வீடு எழும்பிக்கிட்டு இருக்கப்ப தான் வாங்குறாங்க.

இப்ப இருட்டு ஏன்னு சொல்றேன். டேப்பஸ்ட்ரியை படத்தைப் படுக்கப் போட்டு நெய்வாங்க. தறியில இருந்து இறக்கி திருப்பி சுவத்துல மாட்டினா பாவு, அதாவது தறியில இழுத்துக் கட்டின நூல், படுக்கையா வந்துரும், குறுக்கே ஓடுற ஊடை செங்குத்தா வந்துரும். அப்படின்னா மொத்த எடையும் தொங்குறது ஊடை நூல்ல, அதுவும் சாயம் போட்ட கம்பளி நூல்லயும் பட்டு நூல்லயும். பட்டு வெயில் பட்டா முதல்ல நிறம் போகும், அப்புறம் பொடிஞ்சு உதிரும். தொட்டா கையில தூளா வரும், எங்க பாட்டி சேலையில நானே பாத்திருக்கேன். நானூறு வருஷம் அந்த ஜன்னல் வெளிச்சத்துல தொங்கியிருக்கு. சரி பண்ண ஆரம்பிச்சது 1999-ல, பெல்ஜியத்துக்கு அனுப்பி கழுவி, நார்ஃபோக்ல பிளிக்லிங்ல இருக்குற பட்டறையில ஒவ்வொண்ணா வெச்சுத் தெச்சு, பதிமூணாவது முடிஞ்சு சுவத்துல ஏறினது 2023-ல. 24 வருஷம்! 17 லட்சம் பவுண்டு. அதுல ஆரம்பத்துல வேலைக்குச் சேர்ந்தவங்க தலை நரைச்சிருக்கும். அதுக்கப்புறம் திரையைத் திறந்து விடுன்னு எப்படிக்கா சொல்ல முடியும்?

வேப்பங்காற்று:
ஐயோ, எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு. இவ்வளவு இருக்குன்னு தெரியாம பத்து நிமிஷத்துல வந்துட்டேனே. ஒரு கேள்வி, இத்தனை பணக்காரக் குடும்பம், நடுவுல யாரும் இடிச்சு புதுசா மாத்தலையா? மத்த மாளிகை எல்லாம் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு மாதிரி மாறியிருக்கே.

பழையகணக்கு:
அது தான் அதிர்ஷ்டம். பெஸ் 1608 பிப்ரவரியில இறந்தாங்க. அவங்க வம்சம் தான் டெவன்ஷயர் டியூக் குடும்பம், அவங்களுக்கு சாட்ஸ்வொர்த் தான் தலைமை வீடு, காசு, ஃபேஷன், புது ரசனை எல்லாம் அங்க போச்சு, சாட்ஸ்வொர்த்தை மாத்திக்கிட்டே இருந்தாங்க. ஹார்ட்விக் ரெண்டாவது வீடாவே நின்னு போச்சு. பழைய டேப்பஸ்ட்ரி, பழைய மேஜை எல்லாம் இங்க வந்து சேர்ந்துச்சு. தத்துவ ஞானி தாமஸ் ஹாப்ஸ் இந்தக் குடும்பத்துக்கு வாத்தியாரா இருந்தவர், 1679-ல இந்த வீட்டுல தான் உயிர் விட்டார். பழைய ஹால் தான் பாவம், 18ஆம் நூற்றாண்டுல அதைப் பிரிச்சு எடுத்துட்டாங்க, ஆனா இடிஞ்ச சுவத்துல உச்சி மாடியில இன்னும் ரெண்டு பெரிய ராட்சசர் சுண்ணச் சிற்பம் ஒட்டிக்கிட்டு நிக்குது.

1950 நவம்பர்ல பத்தாவது டியூக் திடீர்னு இறந்துட்டார். சொத்தை மகனுக்கு முன்னாடியே எழுதி வெச்சிருந்தார், ஆனா எழுதி அஞ்சு வருஷம் உயிரோட இருந்திருந்தா தான் செல்லும், சில மாசம் குறைஞ்சு போச்சு. 80 சதவீதம் மரண வரி. அதுல ஒரு பங்குக்கு ஈடா ஹார்ட்விக்கை அரசாங்கத்துக்குக் கொடுத்தாங்க, 1959-ல பழைய வீடுகளைப் பாதுகாக்குற நேஷனல் டிரஸ்ட் அமைப்பு கைக்கு வந்துச்சு.

பட்டுநூல்:
அதுக்கு நடுவுல ஒருத்தரை விட்டுட்டீங்களே அண்ணா. ஒன்பதாவது டியூக்கோட மனைவி எவலின். புருஷன் போனதுக்கு அப்புறம் அந்தக் குளிர் வீட்டுல தங்கி, அங்க இருந்த டேப்பஸ்ட்ரியையும் பழைய தையலையும் வருஷக்கணக்கா தானே ஊசி எடுத்து ஒட்டுப் போட்டவங்க. இன்னைக்கு பழம்பொருளைப் பாதுகாக்குற கன்சர்வேட்டர்கள் அந்தத் தையலை முறைப்படி இல்லைன்னு சொல்லலாம், ஆனா அது இல்லைன்னா பல துணி அப்பவே குப்பைக்குப் போயிருக்கும். கட்டினது ஒரு விதவை, கடைசியா குடியிருந்து காப்பாத்தினதும் ஒரு விதவை.

வடலி:
உண்மை தங்கச்சி. நான் போகேக்க அந்தக் காலரியில கோரைப் பாய் விரிச்சிருந்தது, நடக்கேக்க காலடிச் சத்தமே கேக்காது. வேப்பங்காற்று, திரும்பப் போனியள் எண்டா அவசரப்படாதேங்கோ. அங்கை ஒரு வாங்கில இருந்து பாருங்கோ.

வேப்பங்காற்று:
பத்து நாள் கழிச்சு எழுதறேன், மறுபடி போயிட்டு வந்தேன். இந்த தடவை ஹால்ல நின்னு முன்வாசலையும் பின்பக்கத்தையும் பாத்தேன், செங்கல்சூளை சொன்னது புரிஞ்சுது. படியில மெதுவா ஏறினேன், தட்டு தூக்கிட்டுப் போறவங்க மாதிரி, ரெண்டு தடவை நின்னு மூச்சு வாங்கினேன். மேல காலரிக்குள்ள போனதும் முதல்ல ஒண்ணும் தெரியல, பழுப்பும் நீலமுமா ஒரு சுவர், அவ்வளவு தான். வடலி சொன்ன மாதிரி உக்காந்துட்டேன். ரெண்டு மூணு நிமிஷத்துல கண்ணு பழகிருச்சு, கூடாரம் தெரிஞ்சுது, குதிரை தெரிஞ்சுது, ஒரு ஆள் கையில பந்தம் தெரிஞ்சுது. அப்புறம் எழுந்து ஓரமா நடந்து ஒவ்வொண்ணா அண்ணாந்து பாத்துக்கிட்டே போனேன், நாலாவதோ அஞ்சாவதோ, அங்க இருந்த ஊழியர் ஒருத்தர் நான் தேடுறதைப் பாத்துட்டு மேல் ஓரத்தைக் கையைக் காட்டினார். மான். உடம்பு ஒரு நிறம், கொம்பு வேற நிறம்.